ஸ்காட்லாந்தை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

ஸ்காட்லாந்தின் வரலாறு, இலக்கியம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். நல்ல வரலாற்று நூல் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படியுங்கள் என்பார்கள், இல்லாவிட்டால் வால்டர் ஸ்காட்டில் தொடங்குங்கள் என்பார்கள். இரண்டுமே மதிக்கத்தக்க யோசனைகள். ஆனால் புதிதாக நுழைகிறவருக்கு இரண்டும் சரிப்பட்டு வராது என்பது என் உறுதியான எண்ணம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886-ல் வெளியிட்ட 'கிட்னாப்ட்' நாவலில்தான் தொடங்க வேண்டும். ஏன் என்று சொல்ல மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாடத்துக்காகப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதவில்லை. 'பிரேவ்ஹார்ட்' படம் பார்த்து ஆர்வம் வந்தவர், மகளோ மகனோ எடின்பரோவுக்கோ கிளாஸ்கோவுக்கோ படிக்கப் போயிருப்பவர், ஆங்கில நாவல் ஓரளவு சரளமாகப் படிக்கிறவர், வேலை முடிந்து இரவில் இருபது முப்பது பக்கம் புரட்டுகிறவர், இப்படிப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். இவர்கள் கையில் முதலில் வந்து சேரக்கூடிய புத்தகங்கள் என்று பார்த்தால் ஐந்தைச் சொல்லலாம்: டாம் டிவைன் எழுதிய பெரிய வரலாறு, ஜான் பிரெபிளின் 'கலோடன்', ஸ்காட்டின் 'வேவர்லி', ஸ்டீவன்சனின் 'கிட்னாப்ட்', லூயிஸ் கிராசிக் கிப்பனின் 'சன்செட் சாங்'.

எதை வைத்து ஒப்பிடுவது? வெளியிலிருந்து பார்க்கிற பலருக்கும் ஸ்காட்லாந்தைப் பற்றி ஒரே தவறான படம்தான் மனதில் இருக்கிறது. அந்த நாட்டு வரலாறு முழுக்க இங்கிலாந்தோடு நடந்த சண்டை என்று நினைக்கிறார்கள். 1297-ல் ஸ்டிர்லிங் பாலம், 1314-ல் பன்னக்பர்ன் என்று பார்க்கும்வரை அந்தப் படம் ஓரளவு தாங்கும். போகப் போகத் தாங்காது. 1603-ல் ஸ்காட்லாந்தின் அரசரே இங்கிலாந்துக்கும் அரசராகிவிடுகிறார், 1707-ல் இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் ரத்தம் சிந்துகிறதென்றால் நாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய விரிசல் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? வடக்கிலும் மேற்கிலும் ஹைலேண்ட் மலைநாடு, அங்கே கேலிக் மொழி, குலத்தலைவர்கள், மாட்டு மந்தைகள். தெற்கிலும் கிழக்கிலும் லோலேண்ட், அங்கே ஸ்காட்ஸ் பேச்சு, கண்டிப்பான பிரஸ்பிட்டீரியன் திருச்சபை, வக்கீல்கள், வியாபாரம். ஒரு பக்கத்துக்காரர் பேசுவது மறுபக்கத்துக்காரருக்குப் புரியாது.

கலோடன் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1746 ஏப்ரல் 16, இன்வர்னஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு ஈரமான பொட்டல்வெளி. அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் ஜாக்கபைட் படை (ஜாக்கபைட் என்றால் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் ஆதரவாளர்) ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கிப்போனது. இங்கிலாந்து ஸ்காட்லாந்தை நசுக்கிய நாள் என்று இதைச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் எதிரில் நின்ற கம்பர்லாந்து பிரபுவின் அரசுப் படையில் ஸ்காட்லாந்து ரெஜிமென்டுகளே இருந்தன, ஆர்கைல் சீமையின் கேம்பல் குலத்து ஆட்கள் இருந்தார்கள். ஜாக்கபைட் வரிசையிலோ வடகிழக்கு லோலேண்டிலிருந்து வந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்ற குடும்பங்கள் உண்டு. எந்தப் புத்தகம் இந்தச் சிக்கலைச் சீக்கிரமாகவும் மனதில் ஒட்டும்படியும் காட்டுகிறதோ, பாதியில் மூடி வைக்கவும் விடாதோ, அதுதான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும். என் அளவுகோல் இவ்வளவுதான்.

முதலில் டிவைன். 'தி ஸ்காட்டிஷ் நேஷன்' 1999-ல் வந்தது, அதே ஆண்டில்தான் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று நாடாளுமன்றம் மறுபடி கூடியது. 1700-லிருந்து 2000 வரை முந்நூறு வருடக் கதை. காரணகாரியம் புரிய வேண்டுமென்றால் இதை விட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. 1707 இணைப்பைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை, பிரபுக்கள் ஆங்கிலேயப் பணத்துக்கு நாட்டை விற்றுவிட்டார்கள் என்பது. பணம் கைமாறியது உண்மை. அதற்குப் பின்னால் பனாமா பூசந்தியில் ஒரு குடியேற்றம் அமைக்கப் போய் 1698-க்கும் 1700-க்கும் இடையில் நாட்டின் சேமிப்பில் பெரும்பங்கைத் தொலைத்த டேரியன் திட்டம் இருக்கிறது. இணைப்பு ஒப்பந்தத்தில் ஸ்காட்லாந்துக்கு ஈட்டுத்தொகையாக ஒதுக்கப்பட்ட 3,98,085 பவுண்டில் ஒரு பகுதி அந்தத் திட்டத்தில் பணம் போட்டவர்களுக்குத்தான் போனது. ஆங்கிலக் குடியேற்ற நாடுகளோடு தடையில்லாமல் வியாபாரம் செய்யும் ஆசையும் இருந்தது, கத்தோலிக்க அரசர் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இதையெல்லாம் பொறுமையாகப் பிரித்து வைப்பதில் டிவைன் கெட்டிக்காரர்.

ஆனாலும் இதை முதலில் படிக்கச் சொல்ல மாட்டேன். பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மனிதர் கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. பரப்பும் பெரிது, பெயர்களும் அதிகம், கேம்பல்களையும் மெக்கென்சிகளையும் பிரித்தறியாத ஒருவருக்கு ஐம்பது பக்கத்துக்குள் கண் சொக்கும். 'பிரேவ்ஹார்ட்' நாயகன் வாலஸ், மேரி அரசி, மதச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் யாரும் இதில் வர மாட்டார்கள், எல்லாரும் 1700-க்கு முந்தியவர்கள். இன்னொன்று, அட்லாண்டிக் அடிமை முறையில் ஸ்காட்லாந்துக்கு இருந்த பங்கைப் பற்றி இந்தப் புத்தகம் அதிகம் பேசாது. 2015-ல் டிவைனே பதிப்பாசிரியராக இருந்து அதற்கென்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்.

வரலாற்று நூல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களுக்கு டி.சி. ஸ்மௌட் 1969-ல் எழுதிய 1560 முதல் 1830 வரையிலான மக்கள் வரலாற்றைச் சொல்வேன். அரசர்களின் தேதிகளை விட்டுவிட்டு ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று போகிற புத்தகம் அது. திருச்சபை மூப்பர்கள் ஊராரின் ஒழுக்கத்தை எப்படிக் கண்காணித்தார்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் எப்படிச் சட்டப்படியே கொத்தடிமைகளாக இருந்தார்கள் என்றெல்லாம் படிக்கும்போது நாட்டின் இன்னொரு முகம் தெரியும். அந்தச் சுரங்க அடிமைத்தனம் முழுசாக ஒழிந்தது 1799-ல்தான். தத்துவமும் விஞ்ஞானமும் செழித்த எடின்பரோவுக்குப் பக்கத்திலேயே இது நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. ஆதிகாலத்திலிருந்து வரிசையாகக் கதை போல வேண்டுமென்றால் மேக்னஸ் மேக்னசன் எழுதிய ஒன்று இருக்கிறது, சுலபமாகப் போகும்.

பிரெபிள் வேறு ரகம். 1961-ல் வந்த அவருடைய 'கலோடன்' கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது. தளபதிகளின் வியூகத்தை விட்டுவிட்டு மழையில் நிற்கிற சிப்பாயிடமிருந்து அவர் தொடங்குகிறார். முந்தின இரவு கம்பர்லாந்தின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அரசுப் படை மயங்கிக் கிடக்கும், திடீர்த் தாக்குதல் நடத்தலாம் என்று நேர்ன் ஊரை நோக்கி இருட்டில் நடந்துபோய், விடிவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் பாதி வழியில் திரும்பி வந்த ஆட்கள் அவர்கள். முந்தின நாள் முழுக்க ஆளுக்கு ஒரு பிஸ்கட்டைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. பலர் வேலிக்கடியில் தூங்கிவிட்டு பீரங்கிச் சத்தத்தில்தான் கண் விழித்தார்கள். பனிமழை முகத்தில் அடிக்க, பீரங்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டு பாயச் சொல்லும் உத்தரவுக்காகக் காத்து நின்றதைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும். போருக்குப் பிறகு நடந்த கொலைகளும் வீடு எரிப்புகளும் இன்னும் மோசம்.

1963-ல் அவர் எழுதிய ஹைலேண்ட் வெளியேற்றங்கள் பற்றிய புத்தகமும் இதே வேகம்தான், ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களைக் குடிசையோடு கொளுத்தித் துரத்திய கதை. தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் பலருக்கு பிரெபிளைப் பிடிக்காது. குலத்தலைவர்கள் செய்த துரோகம் என்ற ஒரே கோட்டில் எல்லாவற்றையும் இழுத்துவிட்டார், மக்கள்தொகைப் பெருக்கம், கால்நடை விலை, பண்ணைக் கடன் இவற்றுக்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை என்பது அவர்கள் குறை. டிவைன் 2018-ல் வெளியேற்றங்கள் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். லோலேண்டிலும் சின்னச் சின்னக் குத்தகைக்காரர்களும் குடிசைவாசிகளும் நிலத்தை விட்டு அகற்றப்பட்டார்கள், அது அரவமில்லாமல் நடந்ததால் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை என்று அதில் காட்டுகிறார். குறை நியாயமானதுதான், ஆனாலும் பிரெபிளைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. யாரும் பெயர் சொல்லாத மனிதர்களின் பக்கம் நின்று எழுதியவர் அவர்.

ஆனால் இரண்டாவதாகப் படியுங்கள். 'கலோடன்' மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் ஹைலேண்டர் என்றாலே பலியானவர் என்ற எண்ணம் நின்றுவிடும். அப்புறம் என்ன ஆனார்கள் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கலோடனில் முடிந்த 1745 எழுச்சியில் ஜாக்கபைட்டாகப் போராடி, பிடிபட்டு, மன்னிக்கப்பட்டு, சுவீடன் படையில் போய்ச் சேர்ந்தவர் மெக்லவுட் பிரபு எனப்பட்ட ஜான் மெக்கென்சி. அவர் 1777-ல் நாடு திரும்பி தான் எதிர்த்த அதே ஹனோவர் வம்சத்து அரசருக்காக ஒரு ஹைலேண்ட் ரெஜிமென்ட் திரட்டினார். அந்த ரெஜிமென்டின் ஒரு பகுதிதான் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்புவின் படையிடம் சிக்கிச் சின்னாபின்னமானது. அதில் கேப்டனாக இருந்து காயத்தோடு பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்த டேவிட் பேர்ட்தான் 1799-ல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். அடக்கப்பட்டவர்கள் ஒரு தலைமுறைக்குள் அடக்குகிறவர்களின் படையாகிவிட்டார்கள். பிரெபிளைப் படித்து வந்த கண்ணீரோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஸ்காட்டுக்கு வருவோம். 1814-ல் பெயர் போடாமல் வெளிவந்த 'வேவர்லி' வரலாற்று நாவல் என்ற வகையையே உலகத்துக்குப் பழக்கிய புத்தகம். பெரிய சம்பவங்களுக்கு நடுவில் ஒரு சாதாரண இளைஞனை அனுப்பி, அவன் கண் வழியாக இரண்டு தரப்பையும் காட்டுகிற உத்தி அவருடையது. கல்கி படித்து வளர்ந்த நமக்கு அந்த உத்தி புதிதாகவே தெரியாது, அவ்வளவு தூரம் அது பரவிவிட்டது. இங்கிலாந்து ராணுவ அதிகாரி எட்வர்ட் வேவர்லி ஹைலேண்டுக்குப் போய், குலத்தலைவன் ஃபெர்கஸிடமும் அவன் தங்கை ஃப்ளோராவிடமும் மயங்கி, ஜாக்கபைட் பக்கம் சாய்கிறான். நியாயமான, பெரிய மனதுள்ள நாவல். தோற்றவர்களை எள்ளாமலும் அவர்கள் காலம் முடிந்துவிட்டது என்பதை மறைக்காமலும் எழுதியிருக்கிறார்.

அப்படியென்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் எளியது: கதை நகரவே நூறு பக்கம் ஆகும். வேவர்லியின் சிறுவயதுப் படிப்பு, பெரியப்பாவின் மாளிகை, வாய் திறந்தால் லத்தீன் மேற்கோள் சொல்லும் பிராட்வார்டைன் பாரன், இவ்வளவையும் தாண்டித்தான் மலைக்குள் நுழைய முடியும். வேலைக்குப் போய்வந்து படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார், அப்புறம் ஸ்காட்டிஷ் இலக்கியம் என்றாலே அலுப்பு என்று முடிவு கட்டிவிடுவார். இரண்டாவது காரணம் முக்கியமானது. இன்று நாம் ஸ்காட்லாந்து என்றதும் மனதில் பார்க்கிற டார்ட்டன் கட்டம் போட்ட படத்தை வரைந்ததில் ஸ்காட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பு ஏற்பாடெல்லாம் ஸ்காட்தான். லோலேண்ட் கனவான்களும் ஹைலேண்ட் உடுப்பில் வந்து நின்றார்கள், அரசரும் கில்ட் கட்டிக்கொண்டார். கலோடனுக்குப் பிறகு அந்த உடுப்பைச் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தார்கள், தடை விலகியது 1782-ல்தான். இன்னும் வேதனை, 'வேவர்லி' வெளிவந்த அதே 1814-ல் சதர்லாந்து சீமையில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பண்ணை மேலாளர் பேட்ரிக் செல்லரின் ஆட்கள் குடியானவர்களின் வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். 1816-ல் செல்லர் மீது வழக்கு நடந்தது, குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டார்கள். உடுப்பு அரண்மனைக்குப் போனது, அதை உடுத்திய ஜனங்கள் கடற்கரைக்குத் துரத்தப்பட்டார்கள். இது தெரிந்த பிறகு ஸ்காட்டைப் படித்தால்தான் அவரிடம் எதை எடுத்துக்கொள்வது, எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது என்று பிடிபடும்.

ஆனாலும் ஸ்காட்டை ஒருநாளாவது ருசி பார்க்க வேண்டும் என்றால் 'வேவர்லி'யை விட்டுவிட்டு 1827-ல் அவர் எழுதிய 'தி டூ ட்ரோவர்ஸ்' சிறுகதையை எடுங்கள். ஒரே இரவில் முடித்துவிடலாம். ஹைலேண்டிலிருந்து இங்கிலாந்துச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போகும் ராபின் ஓயிக், அவனுடைய ஆங்கிலேயச் சிநேகிதன் ஹாரி. இரவு மாடுகளை மேய விடும் நிலத்தைப் பற்றி ஒரு சின்னத் தகராறு. ஹாரிக்கு அதைத் தீர்க்கத் தெரிந்த வழி கை முஷ்டிதான், நாலு அடி கொடுத்து வாங்கிக் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. ராபினுக்கு எல்லார் முன்னாலும் அடி வாங்கித் தரையில் விழுவது குலத்துக்கே வந்த அவமானம். அவன் கத்தி அப்போது கையில் இல்லை, கிளம்பும்போது அத்தை சகுனம் பார்த்துத் தடுத்ததால் இன்னொரு வியாபாரியிடம் கொடுத்து வைத்திருக்கிறான். மைல் கணக்கில் நடந்துபோய் அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நண்பனைக் குத்துகிறான். நடந்த அந்த நேரம்தான் நீதிமன்றத்தில் அவன் கழுத்தில் விழுகிறது: கோபத்தில் குத்தியிருந்தால் மன்னிக்கலாம், ஆறுவதற்கு நேரம் இருந்தும் குத்தியிருக்கிறானே என்கிறார் நீதிபதி. இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் மானம் என்பது வேறு வேறு பொருள். அவ்வளவு பெரிய நாவல்களில் அவர் சொன்னது முழுக்க இந்தச் சின்னக் கதைக்குள் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது 'கிட்னாப்ட்'. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சாகசக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தது என்பது உண்மைதான். ஆனால் இந்த நாவலின் நடுவே இருப்பது ஸ்காட்லாந்து வரலாற்றின் ஒரு நிஜக் கொலைவழக்கு. 1752 மே 14 அன்று ஆப்பின் பகுதியில் காலின் கேம்பல் என்ற அரசாங்க மேலாளரை யாரோ மறைந்திருந்து சுட்டார்கள். தோற்ற ஜாக்கபைட் தலைவர்களிடமிருந்து பறித்த நிலங்களில் குத்தகை வசூலிப்பதும் ஆட்களை வெளியேற்றுவதும் அவர் வேலை. சுட்டவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் ஸ்டூவர்ட் குலத்தில் யாராவது ஒருவர் தூக்கில் தொங்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் கேம்பல்களின் தலைநகரான இன்வரரேயில் விசாரிக்கப்பட்டார். பதினைந்து ஜூரிகளில் பதினொருவர் கேம்பல்கள், தலைமை நீதிபதியாக உட்கார்ந்தவர் கேம்பல்களின் குலத்தலைவரான ஆர்கைல் பிரபு. நவம்பரில் பலாஹூலிஷில் தூக்கிலிட்டு, உடலை இறக்கவிடாமல் நெடுங்காலம் அங்கேயே தொங்கவிட்டார்கள். சுடப்பட்டதும் தூக்கிலிட்டதும் தூக்கில் தொங்கியதும் எல்லாம் ஸ்காட்லாந்துக்காரர்கள். நான் சொன்ன அந்தத் தவறான படம் இந்த ஒரு வழக்கிலேயே கலைந்துவிடும்.

ஸ்டீவன்சன் இதற்குள் டேவிட் பால்ஃபர் என்ற பதினேழு வயது லோலேண்ட் பையனை அனுப்புகிறார். அப்பா செத்துப்போய், சொத்துக்காகச் சித்தப்பாவிடம் வருகிறான், அந்தச் சித்தப்பா அவனைக் கடத்தி அமெரிக்காவுக்கு விற்க ஏற்பாடு செய்கிறார், கப்பல் மேற்குக் கடற்கரையில் உடைகிறது. கப்பலிலேயே அவனுக்கு ஆலன் பிரெக் ஸ்டூவர்ட் சிநேகமாகிறான். ஆலன் நிஜ மனிதன், அந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்டுத் தேடப்பட்டவன். டேவிட் ஜார்ஜ் அரசருக்கு விசுவாசி, சர்ச்சுக்கு அடங்கி வளர்ந்தவன், காசு விஷயத்தில் கறார். ஆலன் ஜாக்கபைட், வீண் பெருமைக்காரன், உயிரைக் கொடுக்கும் நண்பன். கொலை நடக்கும் இடத்தில் தற்செயலாக நின்றுவிட்ட டேவிட்டும் ஆலனோடு சேர்ந்து மலை மலையாக ஓட வேண்டியதாகிறது. க்ளென்கோவில் பெரிய பாறை ஒன்றின் மேல் பகல் முழுக்க மல்லாந்து கிடக்கிறார்கள். கீழே சிப்பாய்கள் முகாம், வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது, தண்ணீர் இல்லை, கையில் இருப்பது பிராந்தி மட்டும். கீழே பள்ளத்தாக்கில் சிப்பாய்கள் தேடி அலைவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். நூறு வரலாற்று நூல் படித்தாலும் கலோடனுக்குப் பிந்தைய ஹைலேண்ட் எப்படிக் காவலில் கிடந்தது என்பது இந்த அளவுக்கு உடம்பில் ஏறாது.

இன்னொரு இடம். ஆலன் பணப்பட்டையை இடுப்பில் கட்டியிருப்பதற்குக் காரணம் சொல்கிறான். நிலம் பறிபோய் பிரான்சில் அகதியாக இருக்கும் தங்கள் தலைவர் ஆர்ட்ஷீலுக்காக, ஏழைக் குடியானவர்கள் அரசருக்குக் குத்தகை கட்டிய பிறகு இரண்டாவது குத்தகையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துத் தருகிறார்கள், அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. எதிர்க்கட்சிக்காரனான டேவிட்டுக்கே அது மேன்மையாகப் படுகிறது. அப்புறம் மலைக்குகை போன்ற மறைவிடத்தில் குலத்தலைவர் க்ளூனியைச் சந்திக்கிறார்கள் (அவரும் நிஜம்தான், கலோடனுக்குப் பிறகு ஒன்பது வருடம் தன் மக்களாலேயே மறைத்து வைக்கப்பட்டவர்). டேவிட் காய்ச்சலில் கிடக்க, அவன் பணத்தை வாங்கி ஆலன் சீட்டாட்டத்தில் தோற்றுவிடுகிறான். சீட்டாடுவதே பாவம் என்று வளர்ந்தவன் டேவிட். பணத்தைத் திருப்பிக் கேட்டால் விருந்தோம்பியவரை அவமதித்ததாகிவிடும், கேட்காவிட்டால் பட்டினி. கடைசியில் கேட்டு வாங்குகிறான், அந்தக் கசப்பு நாள் கணக்காக ஊறி, டேவிட் வேண்டுமென்றே குத்திப் பேசி வாளை உருவும் வரைக்கும் போகிறது. ஆலன் வாளைக் கீழே எறிந்துவிடுகிறான், தன்னால் அவனோடு சண்டை போட முடியாது என்று. லோலேண்ட் மனசு என்ன, ஹைலேண்ட் மனசு என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறைகள் உண்டு. கொலையை ஸ்டீவன்சன் 1751-க்கு நகர்த்திவிட்டார், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். உரையாடலில் ஸ்காட்ஸ் சொற்கள் வரும், ஆனால் ஊகித்துக்கொள்ளலாம். பெரிய குறை, பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு சத்திரத்துப் பெண் வந்து படகு ஓட்டிக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். 1893-ல் வந்த இரண்டாம் பாகமான 'கேட்ரியோனா' இதைச் சரிசெய்யப் பார்க்கிறது, அங்கே ஜேம்ஸின் விசாரணை அநியாயத்தையும் காணலாம், ஆனால் முதல் பாகத்தின் வேகம் அதில் இல்லை.

பெண்ணின் கண் வழியாக ஸ்காட்லாந்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1932-ல் வந்த 'சன்செட் சாங்'. இலக்கியமாக மட்டும் எடைபோட்டால் இந்த ஐந்தில் இதுதான் உயரம். வடகிழக்கில் மேர்ன்ஸ் என்ற வேளாண் சீமை, கின்ராடி என்ற கற்பனைக் கிராமம், கிறிஸ் கத்ரி என்ற குத்தகை விவசாயியின் மகள். அவளுக்குள்ளேயே இரண்டு கிறிஸ்: ஒருத்திக்குப் புத்தகமும் நாசூக்கான ஆங்கிலமும் பிடிக்கும், இன்னொருத்திக்கு மண்ணும் ஊர்ப்பேச்சும்தான் பிடிக்கும். அம்மா அடுத்தடுத்த பிரசவங்களில் நொந்து விஷம் குடிக்கிறாள். முதல் உலகப்போரின் போது காசுக்காகக் காடுகளை வெட்டித்தள்ளியதில் காற்றுக்கு மறைவு போய் நிலமே பாழாகிறது. கிறிஸின் கணவன் ஈவன் பயிற்சி முகாமிலிருந்து விடுப்பில் வரும்போது ஆளே மிருகமாக மாறியிருக்கிறான். பிரான்சில் போர்முனையை விட்டு வீடு திரும்பக் கிளம்பியதற்காக அவனைச் சுட்டுக்கொன்ற செய்தியை ஊர்க்காரர் ஒருவர் மூலம் அவள் தெரிந்துகொள்ளும் பக்கங்களை அழாமல் கடக்க முடியாது. கிப்பன் இதை எழுதி மூன்று வருடத்தில், முப்பத்துநாலு வயது முடிவதற்குள் இறந்துபோனார்.

இந்தச் சீமைக்கும் தமிழர்களுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. இலங்கையில் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் முதல்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்தது இதே மேர்ன்ஸில், ஆகன்பிளே ஊர்ப்பக்கம். கிப்பன் வளர்ந்த ஆர்பத்நாட்டும் அதே வட்டாரம்தான். பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர் டெய்லர். அவரைப் போல் வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரைமார் பலர், இன்றும் மலையகத்தில் டன்சினன், ஹோலிரூட், பெல்மோரல் என்று தோட்டங்களுக்கு ஸ்காட்லாந்துப் பெயர்கள் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களில் கங்காணிகளின் கீழ் உழைத்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். மலையகக் குடும்பத்திலிருந்து வந்த வாசகர் என்றால் என் சிபாரிசை மாற்றிக்கொள்வேன், நீங்கள் 'சன்செட் சாங்'கில் தொடங்குங்கள். துரைமார் விட்டுவந்த ஊர் எப்படி இருந்தது, அங்கே நிலமில்லாதவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிய உங்களுக்கு உரிமையான காரணம் இருக்கிறது.

மற்றவர்களுக்கு இது மூன்றாவதாக இருக்கட்டும், ஏனென்றால் நடை பழக வேண்டும். ஊரே சேர்ந்து வம்பு பேசுகிற மாதிரி ஓடுகிற ஸ்காட்ஸ் வாடை அடிக்கும் ஆங்கிலம், முதல் முப்பது பக்கம் திணறும். ஒரு யோசனை: தொடக்கத்தில் கின்ராடியின் பழங்கதையும் ஒவ்வொரு வீட்டுக்காரர் அறிமுகமுமாக ஒரு முன்பகுதி இருக்கிறது, அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு கிறிஸ் வரும் இடத்துக்குப் போய்விடுங்கள். நாவல் முடிந்த பிறகு அதைத் திரும்பப் படித்தால் எல்லாரும் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். அவரைப் பாட்டாகக் கேட்க வேண்டும், எந்த வரிசையிலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் போட்டியில் சேர்க்கவில்லை. ஜேம்ஸ் ஹாக் 1824-ல் எழுதிய பாவி ஒருவனின் ஒப்புதல் வாக்குமூல நாவல் மதவெறியைப் பற்றியது, பயங்கரமான புத்தகம், ஆனால் கால்வினியக் கோட்பாடு (யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது) கொஞ்சம் தெரிந்த பிறகு படித்தால் இன்னும் உறைக்கும். பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று நடந்த 2014 வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் ஏன் பிரிய வேண்டாம் என்றார்கள், இன்றைய கிளாஸ்கோ எப்படிப்பட்டது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இந்த ஐந்துமே போதாது. 2020-ல் புக்கர் பரிசு பெற்ற டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'ஷக்கி பெய்ன்' மாதிரி ஒன்றும் டிவைனின் கடைசி அத்தியாயங்களும் வேண்டும்.

நான் சொல்லும் வரிசை இதுதான்: 'கிட்னாப்ட்', உடனே பிரெபிளின் 'கலோடன்', நடுவில் ஓர் இரவு 'தி டூ ட்ரோவர்ஸ்', அப்புறம் 'சன்செட் சாங்'. டிவைனை வீட்டில் வைத்துக்கொண்டு ஹைலேண்ட் பற்றிய அத்தியாயங்களை பிரெபிளுக்குப் பின் உடனே படியுங்கள், மீதி எப்போது வேண்டுமானாலும். ஸ்டீவன்சனும் ஸ்காட்டும் காப்புரிமை முடிந்தவர்கள், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் 'கிட்னாப்ட்' வாங்குவதாக இருந்தால் டேவிட்டின் பயண வரைபடம் உள்ள பதிப்பாகப் பாருங்கள், ஓடுகிற வழியை விரலால் தொடர்ந்தால் கதை இரட்டிப்பாகப் பிடிக்கும். 'சன்செட் சாங்'கில் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டிலுமே அறிஞர் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், கதையின் முடிவை அதிலேயே சொல்லிவிடுவார்கள்.